மலைக்கோட்டைக் கொழுக்கட்டையும் முந்தின இரவுப் பூரணமும்

விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாளே திருச்சி மலைக்கோட்டையில் அடுப்பு மூட்டிவிடுகிறார்கள். தலா 75 கிலோவில் இரண்டு கொழுக்கட்டைகள் வேக வேண்டும். ஒன்று அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கு. இன்னொன்று நானூற்றுச் சொச்சம் படிகளுக்கு மேலே காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உச்சிப் பிள்ளையாருக்கு. பச்சரிசி மாவு, வெல்லம், தேங்காய், எள், நெய், ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து துணியில் மூட்டை கட்டுகிறார்கள். அதைத் தொட்டில் கட்டுவதுபோல் ஆவியில் தொங்கவிட்டு இரவு முழுக்க வேக வைக்கிறார்கள். காலையில் தோளில் சுமந்து படியேற்றிப் படைத்தபின், துண்டு போட்டுப் பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள்.

அதே இரவில் காவிரிக்கு வடக்கே ஸ்ரீரங்கத்து வீடுகளில் வேறொரு யோசனை ஓடும். பூரணத்தை இப்போதே கிளறி வைத்துவிடலாமா, விடியற்காலையில் பார்த்துக்கொள்ளலாமா? ஸ்ரீரங்கம் பெருமாள் ஊர். பிள்ளையாரைத் தும்பிக்கை ஆழ்வார் என்று சொல்லி ஒரு கும்பிடோடு நகர்ந்துவிடும் வீடுகளும் அங்கே உண்டு. ஆனாலும் தலபுராணத்தின்படி இந்த இரண்டு ஊரையும் முடிச்சுப் போட்டதே பிள்ளையார்தான். விபீஷணன் இலங்கைக்கு எடுத்துப்போன அரங்கனைக் காவிரிக் கரையில் சிறுவனாக வந்து வாங்கித் தரையில் வைத்தவர் அவர். கோபம் கொண்ட விபீஷணன் துரத்திவந்து தலையில் ஒரு குட்டு வைத்ததும் மலைமேல்தான் என்கிறார்கள். அதனால் கொழுக்கட்டைக் கேள்வியை ஆற்றின் இரு கரைக்கும் பொதுவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

மலைமேல் போகும் கொழுக்கட்டையை முதல் நாளே தொடங்காமல் முடியாது. வீட்டுக் கொழுக்கட்டையில் சிலவற்றை முதல் நாள் செய்யலாம், சிலவற்றைச் செய்யவே கூடாது. இரண்டுக்கும் காரணம், வெப்பமும் தண்ணீரும் ஒரு பண்டத்துக்குள் எப்படி நடமாடுகின்றன என்பதில் இருக்கிறது.

முதலில் வெப்பம். இட்லிப் பானையில் வைத்த சின்னக் கொழுக்கட்டை பத்து நிமிடத்தில் வெந்துவிடுகிறது. நான்கு சென்டிமீட்டர் குறுக்களவில் ஓர் உருண்டை என்று வைத்துக்கொண்டால் அதன் எடை சுமார் 40 கிராம். மலைக்கோட்டைக் கொழுக்கட்டை அதைப்போல் 1,875 மடங்கு. எடைக்குத் தக்கபடி நேரமும் கூடும் என்றால் 13 நாள் ஆவி பிடிக்க வேண்டியிருக்கும், பிள்ளையார் பாவம். எடை 1,875 மடங்கு கூடும்போது குறுக்களவு 12 மடங்குக்குச் சற்று அதிகமாகத்தான் கூடுகிறது. சரி, அப்படியானால் நேரமும் 12 மடங்கு, அதாவது இரண்டு மணி நேரம் போதுமா? போதாது. இரண்டு மணி நேரத்தில் இறக்கினால் மேலே சில விரற்கடை மட்டும் வெந்து, நடுவில் பச்சை மாவு அப்படியே இருக்கும்.

உள்ளே இருக்கும் மாவுக்கு ஆவி நேராகப் போய்ச் சேர்வதில்லை. மேல்பரப்பில் பட்டுக் குளிர்ந்து நீராகும்போது ஒவ்வொரு கிராம் ஆவியும் சுமார் 540 கலோரி வெப்பத்தைக் கொட்டிவிடுகிறது. ஆகவே மேல்தோல் சட்டென்று நூறு டிகிரியை நெருங்கிவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஈர மாவின் வழியாக, ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு வெப்பம் கைமாறுவதுதான். இந்தக் கைமாற்றத்துக்குக் கணிதம் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான ஜோசப் ஃபூரியே. அவருடைய நூல் 1822-ல் வந்தது. அதிலிருந்து கிடைக்கும் விதி இது: தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும், தூரம் மூன்று மடங்கானால் நேரம் ஒன்பது மடங்காகும். 12 மடங்குக்குச் சற்று அதிகமான தூரத்துக்கு 152 மடங்கு நேரம். பத்து நிமிடத்தை 152 ஆல் பெருக்கிப் பாருங்கள், 25 மணி நேரம் வருகிறது.

துணி மூட்டை முழு உருண்டையாக இருக்காது. சற்றுச் சப்பையாகத் தொங்கும், அதனால் நேரம் குறையும். வெல்லப்பாகு சூடாகச் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும். நடுப்பகுதி நூறு டிகிரியைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. அரிசி மாவுச்சத்து 70, 75 டிகிரியிலேயே நீரை உறிஞ்சி வீங்கி வெந்துவிடும். எப்படிக் கழித்தாலும் ஓர் இரவுக்குக் குறையாது. மடப்பள்ளிக்காரர்கள் ஃபூரியேயைப் படித்துவிட்டு அடுப்பு மூட்டவில்லை. அனுபவத்தில் வந்த நேரமும் கணக்கில் வரும் நேரமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

இதே கணக்கைச் சமையலுக்காகவே போட்ட இயற்பியல் அறிஞர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் வொல்ஃப்காங் பனோஃப்ஸ்கி. அங்கே நவம்பர் மாத நன்றி கூறும் நாளுக்கு வான்கோழியின் வயிற்றுக்குள் ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி என்று ஒரு பூரணத்தை அடைத்து அடுப்பில் வைப்பார்கள். ஒரு பவுண்டுக்கு இத்தனை நிமிடம் என்று சமையல் புத்தகங்கள் சொல்லும் வாய்பாடு பெரிய பறவைக்கும் சின்னப் பறவைக்கும் ஒத்துவராது என்பது பனோஃப்ஸ்கியின் குறை. அடைத்த பறவையின் எடையைப் பவுண்டில் எடுத்து, கனமூலம் கண்டு, அதை இருமடியாக்கி, ஒன்றரையால் வகுத்தால் மணிக்கணக்கு வரும் என்றார் அவர். கனமூலம் என்பது தூரம். இருமடி என்பது ஃபூரியே. ஒன்றரை மட்டும் சமைத்துப் பார்த்துக் கண்ட எண்.

அந்தச் சூத்திரத்தில் நம் கொழுக்கட்டையைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? 75 கிலோ என்பது 165 பவுண்டு. விடை, 20 மணி நேரம்.

வான்கோழியின் அடுப்பு 163 டிகிரி உலர்ந்த சூடு, நம்முடையது நூறு டிகிரி ஆவி. பிறகு எப்படி இவ்வளவு கிட்டத்தில் வருகிறது? பறவையின் தோல் ஈரமாக இருக்கும்வரை அந்த ஈரம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் அடுப்புக்குள் எத்தனை டிகிரி இருந்தாலும் தோலுக்கு அடியில் சூடு நூறைத் தாண்டாது. இறைச்சியும் சரி, மாவும் சரி, வெப்பத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய தண்ணீரைப் போலத்தான். அடைத்த பூரணத்தின் நடுவில் 74 டிகிரி வர வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. அரிசி மாவு வேகும் சூடும் அதுதான். கொஞ்சம் தற்செயலும் கலந்திருக்கலாம். இருந்தாலும் சதுர்த்தி அன்று கலிபோர்னியாவிலிருந்து ஒரு சூத்திரம் மலைக்கோட்டை ஏறுவதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இந்த இருமடி விதி வீட்டுப் பூரணத்தையும் விடவில்லை. அங்கே அது ஆறுவதில் வேலை செய்கிறது. உள்ளே போகத் தாமதிக்கும் வெப்பம் வெளியே வரவும் அதே அளவு தாமதிக்கும். இரவு ஒன்பது மணிக்குக் கிளறி இறக்கிய பூரணத்தை உருளியிலேயே பத்து சென்டிமீட்டர் கனத்தில் விட்டு மூடி வைத்தால், நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதையே தாம்பாளத்தில் இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் பரப்பினால், கனம் ஐந்தில் ஒரு பங்காகிறது; ஆறும் நேரம் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும். அளவு அதே, பாத்திரம்தான் வேறு.

இந்த வெதுவெதுப்புக்கு ஏன் பயப்பட வேண்டும் என்றால், சுமார் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பாக்டீரியா பெருகும். ஆவணி மாதத் திருச்சியில் நள்ளிரவிலும் புழுக்கம் 25 டிகிரியை விட்டு இறங்குவது அபூர்வம். எல்லா வசதியும் கிடைத்தால் சில பாக்டீரியா இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு நுண்ணுயிர் பத்து மணி நேரத்தில் முப்பது முறை இரட்டித்தால், காகிதக் கணக்கில் நூறு கோடியைத் தாண்டும். நிஜத்தில் அவ்வளவு தூரம் போகாமல் இடையிலேயே ஏதாவது குறுக்கே வரும். அப்படிக் குறுக்கே வருவதில் முக்கியமானது, தண்ணீர் கிடைக்காமல் போவது.

தேங்காய்த் துருவலில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். வெறும் துருவலை வெளியே வைத்தால் மறுநாள் காலை நூல் விட்டு, சோப்பு வாடை அடிக்கும். தேங்காய்க் கொழுப்பில் நிறைய இருக்கும் லாரிக் அமிலத்தை நுண்ணுயிர்களின் நொதிகள் கழற்றிவிடுவதால் வரும் வாடை அது. சோப்புத் தொழிலும் தேங்காய் எண்ணெயைத் தேடிப் போவது இதே அமிலத்துக்காகத்தான். அதே துருவலை வெல்லப்பாகில் போட்டுச் சுருளக் கிளறினால் மறுநாளும் மணமாக இருக்கிறது. சூட்டில் நொதிகள் செயலிழப்பது ஒரு காரணம். பெரிய காரணம் சர்க்கரை. வெல்லத்தில் கரைந்த சர்க்கரை மூலக்கூறுகள் தம்மைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பூரணத்தில் ஈரம் இருக்கும். ஆனால் பாக்டீரியா குடிக்க அது எளிதில் கையில் அகப்படாது.

ஒரு பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட எவ்வளவு சும்மா இருக்கிறது என்பதுதான் கெட்டுப்போவதைத் தீர்மானிக்கிறது. இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரேலியாவின் டபிள்யூ. ஜே. ஸ்காட். 1950-களில் வந்த அவருடைய ஆய்வுகளுக்குப் பிறகுதான் உணவுத் துறை நீர்ச்செயல்பாடு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டது. சுத்தத் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாவுக்கு 0.91-க்குக் கீழே பிழைப்பு இல்லை. தோலிலும் மூக்கிலும் குடியிருந்து கைவழியே உணவில் ஏறும் ஸ்டஃபைலோகாக்கஸ் கொஞ்சம் முரடு, 0.86 வரை தாக்குப்பிடிக்கும். பூஞ்சை இன்னும் கீழே வரும். 0.6-க்குக் கீழே எதுவும் வளராது.

"சட்டியில் ஒட்டாம சுருண்டு வரணும்" என்று வீட்டில் சொல்லும் பதத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கலாம். கிளறக் கிளறத் தண்ணீர் வெளியேறுகிறது, பாகு கெட்டிப்படுகிறது, எண் இறங்குகிறது. தளர இறக்கின பூரணம் மறுநாள் புளித்துப்போவதும், நன்றாகச் சுருண்டது தாங்குவதும் இதனால்தான். சுடச்சுட மூடி போடக்கூடாது என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. மூடியில் படிந்த ஆவி சொட்டுச்சொட்டாகப் பூரணத்தின் மேல் விழுந்து, அந்த இடத்தில் மட்டும் பாகை நீர்க்க வைத்துவிடும். பூஞ்சை முதலில் முளைப்பது அந்தப் பொட்டில்தான். வெல்லத்தில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கொஞ்சம் இருப்பதால் மழைநாளில் அது காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். ஆகவே ஆறின பிறகு மூட வேண்டும், மூடாமலும் விடக்கூடாது. ஏலக்காய்ப் பொடியை இறக்கும்போது தூவினால் மணம் ஆவியோடு போகாது. இரவு முழுக்கத் தேங்காய்க் கொழுப்பில் ஊறிப் பரவும். முந்தின நாள் பூரணம் மறுநாள் இன்னும் வாசனையாக இருப்பதாகச் சிலர் சொல்வது பிரமை இல்லை.

உப்புக் கொழுக்கட்டை வேறு கதை. உளுத்தம் பருப்பை ஊற வைத்து, மிளகாயோடு கரகரவென்று அரைத்து, இட்லித் தட்டில் வேக வைத்து, உதிர்த்துத் தாளித்த பூரணத்தில் புரதம் நிறைய, ஈரம் நிறைய. புளிப்பும் இல்லை, சர்க்கரைக் காவலும் இல்லை. நுண்ணுயிருக்கு இலை போட்ட விருந்து. போதாக்குறைக்கு, பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஆவியில் வெந்தாலும் சாகாமல் கிடந்து, வெதுவெதுப்பு வந்ததும் முளைக்கும். இந்தப் பூரணத்தை முதல் நாள் செய்வதானால் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். தேங்காயைக் காலையில் சேர்ப்பது நல்லது.

இப்போது உப்புக் கொழுக்கட்டைக்குள் காய்கறியும் நுழைந்துவிட்டது. காந்தி மார்க்கெட்டில் வாங்கின காரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் எல்லாம் பூரணமாகின்றன. பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. சிக்கல், காய் என்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதே. முட்டைக்கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், காரட்டில் 88-க்குப் பக்கம். இந்தத் தண்ணீர் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு மெல்லிய சவ்வுக்குப் பின்னால் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது; பச்சைக் காயின் மொறுமொறுப்பே அந்த அழுத்தம்தான். உப்புத் தூவினால் வெளியே செறிவு கூடி, சவ்வின் வழியாக நீர் வெளியே கசியும். சூடு 60 டிகிரியைத் தாண்டினால் சவ்வே பிய்ந்து மிச்சமும் வெளியே வரும். இரண்டும் நம் கண்முன்னால் நடந்து முடிந்தால் நல்லது. நடக்காமல் அடைத்துவிட்டால், இரவு முழுக்கக் கசிந்து காலையில் பூரணம் நீர்த்துக் கிடக்கும். அதையும் மீறி ஆவியில் வைத்தால் உள்ளே திரண்ட நீர் மேல்மாவுச் சொப்பை ஊற வைத்துப் பிளந்துவிடும்.

ஆகவே துருவின காயில் உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். பிறகு அகலமான வாணலியில், மூடாமல், வதக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை வாணலியின் சூடு நூறைச் சுற்றியே நிற்கும். நீர் தீர்ந்ததும் சளசளப்பு மாறிச் சுருசுருவென்று சத்தம் வரும், வறுபட்ட வாசனை எழும்பும். காதும் மூக்கும் அளந்து சொல்லும் இந்த இடம்தான் காய்கறிப் பூரணத்தின் பதம். மிச்ச ஈரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு கை பொட்டுக்கடலை மாவு போதும். இதற்கும் இரவில் ஃபிரிட்ஜ் கட்டாயம். இனிப்புப் பூரணத்தைப்போல் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளாது.

பொடி அடைக்கிற கத்திரிக்காயை முதல் நாளே அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே தெரியும். பொடியிலுள்ள உப்பு காயின் நீரை இழுத்து, பொடி சேறாகி, கீறின இடம் கறுத்துவிடும். பொடியை முதல் நாள் வறுத்து இடித்து வைக்கலாம், காயைக் காலையில்தான் கீற வேண்டும். வான்கோழிக்காரர்களுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வதும் இதே ரீதியில்தான்: ஈரமானதையும் உலர்ந்ததையும் தனித்தனியே வைத்திரு, அடைப்பதைக் கடைசியில் செய்.

ஸ்ரீரங்கத்து வீடுகளில் இதற்கெல்லாம் வேறொரு வரிசை ஏற்கெனவே உண்டு. நீர் விட்டு வேக வைத்த சாதம், குழம்பு, பருப்பு எல்லாம் பத்து. தொட்டால் கை அலம்ப வேண்டும், மறுநாளைக்கு வைக்கக்கூடாது. வறுத்ததும் எண்ணெயில் பொரித்ததும் பத்தில்லை; தேன்குழலும் சீடையும் நாள்கணக்கில் சம்புடத்தில் இருக்கலாம். விவரங்கள் வீட்டுக்கு வீடு மாறும், இதன்மேல் ஏறி உட்கார்ந்த ஆசாரச் சண்டைகளுக்கும் குறைவில்லை. இந்த விதியே அறிவியல் என்று சொல்லமாட்டேன். யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்ற பாகுபாடும் இதனோடு பின்னிக்கிடந்தது. ஆனால் எது பத்து, எது இல்லை என்ற பட்டியலை மட்டும் எடுத்து நீர்ச்செயல்பாட்டு எண்ணின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் பெருமளவு ஒத்துப்போகின்றன. கிளறின இனிப்புப் பூரணம் நடுவில் நிற்கிறது. எண்ணிலும் அதற்கு நடு இடம்தான்.

பூரணம் காத்திருக்கும், சொப்பு காத்திருக்காது. கொதிநீரில் கிளறின அரிசி மாவில் மாவுச்சத்து மணிகள் வீங்கி உடைந்து, உள்ளிருந்த நீண்ட அமைலோஸ் சங்கிலிகள் அவிழ்ந்து கிடக்கும். மாவு வெடிக்காமல் விரலுக்கு இணங்கிக் கிண்ணமாக வருவது அந்த நேரத்தில்தான். ஆற ஆற அந்தச் சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படிகமாகி, நடுவிலிருந்த நீரை வெளியே தள்ளும். நம்மூர்ப் பச்சரிசி ரகங்களில் அமைலோஸ் அதிகம் என்பதால் இந்த இறுக்கம் சில மணி நேரத்திலேயே வந்துவிடும். இதில் வேடிக்கை, பூரணத்தைக் காப்பாற்றும் ஃபிரிட்ஜ்தான் சொப்பைக் கெடுக்கிறது. மாவுச்சத்து மிக வேகமாக இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே, சுமார் நான்கு டிகிரியில். மேல்மாவை முதல் நாள் கிளறி உள்ளே வைத்தவர்கள் காலையில் எடுத்துப் பிசைந்தால் ஓரமெல்லாம் பிளந்துகொண்டு வரும்.

மிஞ்சின கொழுக்கட்டையை மறுபடி ஆவியில் வைத்தால் மிருதுவாகிறதே என்று கேட்கலாம். அரைகுறையாகத்தான். மாவுச்சத்தில் இன்னொரு வகையான அமைலோபெக்டின் இறுகியிருந்தால் அறுபது டிகிரிக்கு மேலேயே இளகிவிடும். அதுதான் அந்த மிருது. அமைலோஸ் படிகம் இளக 120 டிகிரிக்கும் மேலே போக வேண்டும், பிரஷர் குக்கர் கொடுக்கக்கூடிய உச்ச சூடே அந்த இடத்தில்தான் நின்றுவிடும். இரண்டாம் நாள் கொழுக்கட்டையில் பல்லுக்குத் தட்டுப்படும் அந்தக் கடினத்தை எந்த இட்லிப் பானையாலும் போக்க முடியாது. அதனால் சொப்புக்கு வேண்டிய மாவை மட்டும் அளவாகக் கிளறிக்கொள்வதே நல்லது. பூரணம் மிஞ்சினால் மைதாவுக்குள் வைத்துத் தட்டி, நெய் விட்டுப் போளியாகச் சுட்டுவிடலாம்.